துணைவரின் வேலைக்காகக் குடும்பத்தோடு சிங்கப்பூர்: கூட வருகிறவருக்கான முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஒருவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டால் சொந்தபந்தம் முதலில் கேட்பது சம்பளத்தைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: கூட வருகிறவர் அங்கே போய் என்ன செய்யப்போகிறார்? வேலைக்கு வருகிறவருக்கு உட்கார ஓர் இடம், பேச நாலு பேர், நாள் முழுக்கச் செய்ய வேலை எல்லாம் முதல் நாளே தயாராக இருக்கும். கூட வருகிறவர் பார்த்த வேலையையும் பழகிய ஊரையும் விட்டுவிட்டு வருகிறார். வீடு பிடிப்பது, பள்ளி தேடுவது, முருங்கைக்கீரை எங்கே கிடைக்கும் என்று கண்டுபிடிப்பது எல்லாம் அவர் தலையில்தான் விழும்.

நானும் அப்படிக் கூட வந்தவள். இங்கே நான் பார்த்த குடும்பங்களில் சீக்கிரம் நிலைகொண்டவை, இருவரின் வாழ்க்கையையும் விமானம் ஏறும் முன்பே திட்டமிட்டவை. அதனால் கீழே உள்ள ஒவ்வொரு படியையும் கூட வருகிறவரின் பக்கம் நின்று எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் மனைவிதான் கூட வருகிறார். கணவர்களும் வருகிறார்கள், அவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

1. வேலைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன்

எந்த பாஸில் வேலை என்பதை முதலில் கேளுங்கள். மேலாளர், நிபுணர் வேலைகளுக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ், நடுத்தரத் திறன் வேலைகளுக்கு எஸ் பாஸ். பேச்சுவழக்கில் ஈபி, எஸ் பாஸ். இரண்டில் எதுவானாலும், குடும்பத்துக்கு டிபென்டன்ட் பாஸ், அதாவது டிபி, எடுக்க நிரந்தர மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும். போனஸ், ஓவர்டைம் எல்லாம் இந்தக் கணக்கில் வராது. சட்டப்படி மணந்த துணைக்கும் 21 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளுக்கும் டிபி கிடைக்கும். அப்பா அம்மாவை நீண்டகாலத்துக்கு அழைத்துவர வேண்டுமானால் சம்பளம் 12,000 வெள்ளி வேண்டும். அவர்களுக்குத் தரப்படுவது நீண்டகால வருகை அனுமதி.

இங்கே ஒரு இடுக்கு இருக்கிறது. 2025 ஜனவரியில் புதிய ஈபிக்கான குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி ஆனது (நிதித் துறையில் 6,200; வயது ஏற ஏற இந்தத் தொகையும் ஏறும்). 5,800 வெள்ளிச் சம்பளத்தில் ஈபி கிடைத்து, குடும்பத்தைக் கூட்டிவர முடியாமல் போகலாம் என்பதுதான் இதன் பொருள். நிறுவனம் தரும் படிகளில் ஒரு பகுதியை நிரந்தர மாதச் சம்பளமாகக் காட்ட முடியுமா என்று கையெழுத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். இந்த வரம்புகளை அவ்வப்போது மாற்றுவார்கள். விண்ணப்பிக்கும் நாளில் மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

டிபிக்கு நிறுவனம்தான் விண்ணப்பிக்கும், நாமே போட முடியாது. எனவே "குடும்பத்துக்கும் சேர்த்து விண்ணப்பிப்போம்" என்று மின்னஞ்சலிலாவது எழுதி வாங்குங்கள். அதோடு கேட்க வேண்டியவை: எல்லாருக்கும் விமான டிக்கெட், முதல் மாதத் தங்குமிடம், சாமான் அனுப்பும் செலவு. எல்லாவற்றிலும் முக்கியம், குடும்பத்துக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு. பள்ளிக் கட்டணத்தில் பங்கு தருவது இப்போது அரிதாகிவிட்டது; கேட்பதில் தவறில்லை.

2. கூட வருகிறவர் வேலை பார்க்கலாமா?

இதைத்தான் நிறையப் பேர் வந்த பிறகு தெரிந்துகொள்கிறார்கள். முன்பெல்லாம் டிபியில் இருப்பவர் ஓர் இசைவுக் கடிதத்தோடு வேலைக்குச் சேர்ந்துவிடலாம். 2021 மே 1 முதல் அது இல்லை. டிபியில் வந்தவர் வேலை பார்க்க வேண்டுமானால், அவருக்கு வேலை தரும் நிறுவனம் அவர் பெயரில் தனியாக ஈபியோ எஸ் பாஸோ வேலை அனுமதியோ வாங்க வேண்டும். சொந்தத் தொழில் நடத்துகிற சிலருக்கு மட்டும், சில நிபந்தனைகளோடு, பழைய இசைவுக் கடிதம் இன்னும் உண்டு.

ஆகவே "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்பாதீர்கள். ஊரில் இருக்கும்போதே மூன்று வேலைகளைச் செய்யுங்கள். முதலாவது, கூட வருகிறவரின் பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பணி அனுபவக் கடிதம் எல்லாவற்றின் அசலையும் எடுத்துவையுங்கள். ஈபி விண்ணப்பத்தில் பட்டத்தைக் காட்டினால் அது உண்மையானது என்ற சரிபார்ப்புச் சான்றும் கேட்பார்கள். அந்த வேலையை இந்தியாவில் இருந்தபடியே முடிப்பது சுலபம். இரண்டாவது, இப்போதைய நிறுவனத்தில் நீண்ட விடுப்புக் கிடைக்குமா என்று கேளுங்கள். உடனே ராஜினாமா செய்வதைவிட அது மேல். மூன்றாவது, இந்திய நிறுவன வேலையைச் சிங்கப்பூரில் இருந்து தொடரும் எண்ணம் இருந்தால், உங்கள் சூழ்நிலையை விவரித்து மனிதவள அமைச்சுக்கு எழுதி, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் யாரோ சொன்னதை நம்பி இறங்க வேண்டாம்.

துணைக்கு வேலை கிடைக்க ஓர் ஆண்டு ஆகலாம், கிடைக்காமலே போகலாம் என்று வைத்துக்கொண்டு, ஒரே சம்பளத்தில் வரவு செலவு போட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கு இடித்தால் இப்போதே பேசித் தீர்க்க வேண்டும்.

3. காகிதங்கள்: தமிழ்க் குடும்பங்கள் தடுக்கி விழும் இடம்

திருமணச் சான்றிதழ் இல்லாமல் டிபி இல்லை. மண்டப ரசீது, பத்திரிகை, ஆல்பம் எதுவும் செல்லாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த சான்றிதழ் வேண்டும். இன்னும் பதியவில்லை என்றால் இதுதான் முதல் வேலை.

அடுத்து பெயர். நம் ஊரில் பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் இருக்கும். கடவுச்சீட்டில் அதே இனிஷியல் அப்பாவின் முழுப் பெயராக விரிந்திருக்கும். திருமணச் சான்றிதழில் இன்னொரு விதமாக இருக்கும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் ஓர் எழுத்துக் குறைந்திருக்கும். இணையவழி விண்ணப்பத்தில் இவையெல்லாம் தனித்தனி ஆட்களாகத் தெரியும். எல்லாச் சான்றிதழ்களையும் ஒரே மேசையில் பரப்பி, கடவுச்சீட்டில் இருப்பதை அளவுகோலாக வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். திருத்த முடிந்தவற்றைத் திருத்துங்கள். முடியாதவற்றுக்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வையுங்கள். கடவுச்சீட்டுகளின் காலாவதித் தேதியையும் அப்போதே பாருங்கள். சீக்கிரம் முடிகிற கடவுச்சீட்டு பாஸின் காலத்தையும் குறுக்கிவிடும்.

குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா? 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்று மட்டும் உள்ள சான்றிதழோடு கிளம்ப முடியாது. தமிழில் மட்டும் இருக்கும் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

தடுப்பூசி அட்டையைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டில் பிறந்த, 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு டிபி விண்ணப்பிக்கும் முன்பே தொண்டை அடைப்பான், தட்டம்மை இரண்டுக்கும் தடுப்பூசி போட்டதைச் சிங்கப்பூர் சுகாதாரத் தரப்பு சரிபார்க்கும். தட்டம்மை ஊசியை இந்தியாவில் 9 மாதத்தில் தொடங்குகிறோம், இங்குள்ள அட்டவணை 12 மாதத்தில் தொடங்குகிறது. குழந்தை சிறியது என்றால், எந்தத் தவணை கணக்கில் வரும் என்பதைக் கிளம்பும் முன் மருத்துவரிடம் காட்டிப் பேசுங்கள்.

4. பெட்டியில் என்ன வைப்பது, என்ன வைக்கக் கூடாது

முதலில் கூடாதவை. கசகசா வேண்டாம். குருமாவுக்கு அம்மா அரைத்துக் கொடுத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்ந்திருந்தால் அதுவும் வேண்டாம். இங்கே அது போதைப்பொருள் சட்டத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம். சூயிங்கம், மெல்லும் புகையிலை, மின்சிகரெட் மூன்றும் தடை செய்யப்பட்டவை. சிகரெட்டுக்கு வரிவிலக்கே கிடையாது, ஒரு பாக்கெட் வைத்திருந்தாலும் விமான நிலையத்தில் சொல்லிவிட வேண்டும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, கடுமையான வலிநிவாரணி போன்றவற்றைக் கொண்டுவருவதானால் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவைப்படலாம். வீட்டில் பெரியவர்களின் மருந்துப் பையை ஒரு தடவை கொட்டிப் பாருங்கள். மருத்துவர் சீட்டும் கூடவே இருக்கட்டும்.

மிக்ஸி, கிரைண்டர் கொண்டுவரலாம். இங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் தட்டையான மூன்று கம்பி. பருப்பு, புளி, அரிசி மூட்டை கட்டாதீர்கள். லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தையிலும் முஸ்தபா கடையிலும் எல்லாம் உண்டு. அந்த எடைக்குக் குழந்தைகள் பழகிய புத்தகமும் தலையணையும் கொண்டுவருவது மேல்.

இந்திய கைப்பேசி எண்ணை அணையவிடாதீர்கள். வங்கி, ஆதார், வருமான வரி எல்லாவற்றின் ஓடிபியும் அதில்தான் வரும். இருவரின் எண்ணையும் வெளிநாட்டில் குறுஞ்செய்தி வரும்படி செய்து, தொடர்ந்து ரீசார்ஜ் செய்ய ஏற்பாடு பண்ணிவிட்டுக் கிளம்புங்கள்.

5. ஒன்றாக வருவதா, ஒருவர் முன்னால் வருவதா?

என் அபிப்பிராயம் தெளிவு: வேலைக்கு வருகிறவர் முதலில் வரட்டும், வீட்டுச் சாவி கைக்கு வந்த பிறகு குடும்பம் வரட்டும். ஹோட்டல் அறையில் இரண்டு பிள்ளைகளோடு வீடு தேடுவது எல்லாரையும் கசக்கிப் பிழிந்துவிடும். ஆனால் முன்னால் வந்தவர் தனியாக முடிவெடுத்துவிடக் கூடாது. பகலெல்லாம் அந்த வீட்டில் இருக்கப்போவது மற்றவர்தான். ஒவ்வொரு வீட்டையும் காணொளி அழைப்பில் காட்டி, சமையலறை, துணி காயவைக்கும் இடம், அருகில் உள்ள சந்தை வரை நடந்து காட்டி, இருவருமாக முடிவு செய்யுங்கள்.

6. இறங்கிய முதல் வாரம்

வருவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் (வரும் நாளும் சேர்த்து) ஒவ்வொருவருக்கும் இணையத்தில் எஸ்ஜி வருகை அட்டை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. காசு கேட்கிற தளம் எதுவும் அரசாங்கத் தளம் அல்ல. பாஸ் விண்ணப்பத்துக்கு மனிதவள அமைச்சு தந்த கொள்கையளவு ஒப்புதல் கடிதத்தைத் தாளில் அச்செடுத்துக் கையில் வையுங்கள்.

அதன்பின் நிறுவனம் பாஸை வழங்கும். பென்டமியர் சாலையில் உள்ள மனிதவள அமைச்சின் சேவை நிலையத்தில் கைரேகை, புகைப்படம் யாருக்கெல்லாம் தேவை என்று அந்தக் கடிதத்திலேயே இருக்கும். உங்களுக்கென்று ஒரு ஃபின் எண் (வெளிநாட்டவருக்கான அடையாள எண்) வந்துவிடும். இந்த இடத்தில் கூட வருகிறவர் கவனியுங்கள்: அந்த எண்ணை வைத்து உங்கள் பெயரில் தனியாகச் சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) பதிவு செய்யுங்கள், உங்கள் பெயரில் ஒரு கைப்பேசி எண் வாங்குங்கள், வங்கியில் கூட்டுக் கணக்காவது திறந்து பேநவ் (கைப்பேசி எண் வழியாகப் பணம் அனுப்பும் வசதி) இணைத்துக்கொள்ளுங்கள். பள்ளி, மருந்தகம் (இங்கே கிளினிக்கை அப்படித்தான் சொல்வார்கள்), நூலகம், மின்கட்டணம் எதற்குப் போனாலும் இந்த மூன்றையும்தான் கேட்பார்கள். எல்லாம் கணவர் எண்ணில் இருந்துவிட்டால், அவர் கூட்டத்தில் இருக்கும்போது குழந்தைக்குப் பால்மாவுகூட இணையத்தில் வாங்க முடியாது.

சிங்பாஸ் விவரத்தை யாரிடமும் சொல்லாதீர்கள். புதிதாக வந்தவர்களுக்கு 'அமைச்சில் இருந்து பேசுகிறோம்' என்று போலி அழைப்புகள் வரும். சந்தேகம் வந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணில் கேட்கலாம்.

7. வீடு

வீவக வீடா (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடு), கொண்டோவா (தனியார் அடுக்குமாடி வீடு) என்பதுதான் முதல் கேள்வி. நீச்சல் குளமும் காவலாளியும் வேண்டுமானால் கொண்டோ. அக்கம்பக்கம், சந்தை, உணவங்காடி, கீழ்த்தளத்தில் அரட்டை எல்லாம் வேண்டுமானால் வீவக. தனியாக வீட்டில் இருக்கப்போகிறவருக்கு வீவக நல்லது என்பேன்.

விளம்பரத்தில் நாலறை வீடு என்றால் மூன்று படுக்கையறையும் ஒரு கூடமும். மூவறை என்றால் இரண்டு படுக்கையறைதான். வாடகை வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நகர வாரியாக நடுநிலை வாடகையைக் காலாண்டுதோறும் வெளியிடுகிறது, அதைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். 'தமிழர் பகுதி' என்று தேடி அலைய வேண்டாம். எல்லா இனத்தவரும் கலந்து வாழ வேண்டும் என்று 1989 முதல் நடப்பில் உள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையால் வீவக பேட்டைகளில் தமிழ்க் குடும்பங்கள் பரவலாக இருக்கும். அலுவலகத்துக்கு ஒரே ரயில் பாதை, பள்ளிக்கு ஒரே பேருந்து, நடக்கும் தூரத்தில் ஈரச்சந்தை (காய்கறி, மீன் சந்தை), இந்த மூன்றையும் பாருங்கள்.

விதிகள் சில. வீவக வீட்டுக்குக் குறைந்தது ஆறு மாதம், தனியார் வீட்டுக்குக் குறைந்தது மூன்று மாதம் வாடகை ஒப்பந்தம் போட வேண்டும். மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு முழு வீவக வீட்டை வாடகைக்கு விட ஒவ்வொரு புளோக்கிலும் வட்டாரத்திலும் ஓர் ஒதுக்கீட்டு வரம்பு உண்டு. அது நிரம்பிவிட்டால் உரிமையாளர் விரும்பினாலும் முடியாது. முன்பணம் கொடுக்கும் முன், "இந்த புளோக்கில் ஒதுக்கீடு இருக்கிறதா, வீவகவின் அனுமதி வந்துவிடுமா?" என்று கேளுங்கள்.

முகவரின் பெயரையும் பதிவெண்ணையும் சொத்து முகவர்கள் மன்றத்தின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். வீவக வாடகைப் பணத்தையும் வைப்புத்தொகையையும் முகவர் கையில் வாங்கக் கூடாது என்பது சட்டம். நேரே உரிமையாளர் கணக்குக்குத்தான் போக வேண்டும். வீட்டுக்குள் போய்ப் பார்க்காமல் ஒரு வெள்ளிகூட அனுப்ப வேண்டாம்.

சமையல் பேச்சு கட்டாயம் வரும். கதவைத் திறந்ததுமே முகவர், "குக்கிங்லாம் எப்படிக்கா?" என்பார். 'லைட் குக்கிங்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், தாளிப்பும் பொரியலும் தினமும் நடக்கும் வீட்டை அவர்கள் எதிர்பார்க்கவில்லை என்று அர்த்தம். "மூணு வேளையும் சமைப்போம் தம்பி, மீன் பொரிப்போம், ஆனா அடுப்படியை சுத்தமா வெச்சுக்குவோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த வீடு கைநழுவினால் நழுவட்டும். மறைத்துக் குடியேறி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு பயந்து பயந்து ரசம் தாளிக்கிற வீட்டில் நிம்மதி இருக்காது. ஒப்புக்கொண்டால் "எல்லா வகைச் சமையலுக்கும் அனுமதி" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தில் விரல் வைத்துப் படிக்க வேண்டியவை இன்னும் உண்டு. வைப்புத்தொகை வழக்கமாக ஓராண்டுக்கு ஒரு மாத வாடகை, இரண்டாண்டுக்கு இரண்டு மாதம். முத்திரைத் தீர்வையை வாடகைக்கு வருகிறவர்தான் கட்ட வேண்டும். நான்காண்டுக்குள் முடியும் ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 3,200 வெள்ளி வீதம் இரண்டாண்டு என்றால் 307 வெள்ளி வரும். சிங்கப்பூரில் கையெழுத்திட்டால் 14 நாளுக்குள் கட்டிவிட வேண்டும். குளிர்சாதனப் பராமரிப்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் செலவில் என்று இருக்கும். சின்னப் பழுதுக்கு எவ்வளவு வரை உங்கள் பொறுப்பு என்றும் ஒரு தொகை போட்டிருப்பார்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' என்கிற விதி. வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றினாலோ, 12 மாதத்துக்குப் பிறகு இரண்டு மாத முன்னறிவிப்போடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இது வழி தரும். ஈபியில் இருப்பவர் இது இல்லாத இரண்டாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது.

சாவி வாங்கும் நாளில் அவசரப்படாதீர்கள். பகல் வெளிச்சத்தில் போங்கள். ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடுங்கள், அடுப்பைப் பற்றவையுங்கள், எல்லாக் குளிர்சாதனத்தையும் பத்து நிமிடம் ஓடவிட்டுத் தண்ணீர் சொட்டுகிறதா பாருங்கள், துணிதுவைக்கும் இயந்திரத்தை ஒரு சுற்று விடுங்கள். மெத்தையைத் தூக்கி அடியில் கறை இருக்கிறதா, அலமாரிக் கதவின் கீல் ஆடுகிறதா, தரையில் கீறல் எங்கே, சுவரில் ஆணி ஓட்டை எத்தனை என்று பாருங்கள். எல்லாவற்றையும் படம் பிடித்து, அன்றைக்கே உரிமையாளருக்கும் முகவருக்கும் அனுப்பிவிடுங்கள். இரண்டு ஆண்டு கழித்து வைப்புத்தொகை முழுதாகத் திரும்புமா என்பதை அந்தப் படங்கள்தான் தீர்மானிக்கும்.

மின்சாரம், தண்ணீர் இணைப்புக்கு எஸ்பி குழுமத்தில் கணக்குத் திறக்க வேண்டும். துளசித் தொட்டி வைத்தால் அடித்தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். டெங்கிக் கொசு வளர்ந்தால் அபராதம் உண்டு, அதிகாரிகள் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள்.

8. பள்ளி

டிபியில் உள்ள பிள்ளைகளுக்குத் தனியாக மாணவர் பாஸ் வேண்டாம். ஆனால் உள்ளூர்ப் பள்ளியில் இடம் கிடைப்பது உறுதி இல்லை.

கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. பிள்ளைக்கு ஏழு வயது ஆகும் ஆண்டில் தொடக்கநிலை 1. வெளிநாட்டு மாணவர்கள் சேர்க்கையின் கடைசிக் கட்டமான மூன்றாம் கட்டத்தில்தான் விருப்பம் தெரிவிக்க முடியும், மீதி இடம் இருந்தால் கிடைக்கும். அதற்கு மேல் வகுப்புகளுக்கு ஏஇஐஎஸ் என்ற பொதுத் தேர்வு: ஆங்கிலமும் கணிதமும். எழுதித் தேறினால், இடம் இருந்தால், அடுத்த ஜனவரியில் சேரலாம். வயதை வைத்தே வகுப்பைத் தீர்மானிப்பதால், ஊரில் மூன்றாம் வகுப்பு படித்த பிள்ளை இங்கே கீழ் வகுப்பில் சேரலாம். அதைப் பின்னடைவாகப் பார்க்காதீர்கள். இங்குள்ள கணிதச் சொற்கணக்குகளுக்குப் பழக அந்த ஓராண்டு உதவும். வெளிநாட்டவருக்கான மாதக் கட்டணம் குடிமக்கள் கட்டுவதைவிடப் பல மடங்கு. கல்வி அமைச்சு அதை முன்கூட்டியே அறிவிக்கிறது.

இரண்டு மூன்று ஆண்டில் ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் சிபிஎஸ்இ பாடத்திட்ட அனைத்துலகப் பள்ளிதான் சரி. குளோபல் இந்தியன், என்பிஎஸ், டிபிஎஸ், யுவபாரதி என்று பல உண்டு. கட்டணம் பல பள்ளிகளில் ஆண்டுக்குப் பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டும், சேர்க்கைக் கட்டணம் தனி. நீண்ட காலம் இருக்கப்போகிறீர்கள், பிள்ளையும் சிறியது என்றால் உள்ளூர்ப் பள்ளிக்கே முயலுங்கள். அங்கே தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படிக்கலாம். எல்லாப் பள்ளியிலும் தமிழ் வகுப்பு இருக்காது. இல்லாத இடத்துப் பிள்ளைகள் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடங்களுக்குப் போய்ப் படிக்கிறார்கள். அரசாங்கமே தமிழ் படிக்க வழி செய்து தரும் நாட்டுக்கு வருகிறோம், அந்த வாய்ப்பை விட்டுவிடாதீர்கள்.

9. பணம்

சம்பளத்தில் மாதாமாதம் வருமான வரி பிடிக்க மாட்டார்கள். வெளிநாட்டவருக்கு மத்திய சேமநிதியும் (ஊரில் உள்ள பிஎஃப் போன்றது) கிடையாது. முதல் ஆண்டு கை நிறையப் பணம் நிற்பதுபோல் இருக்கும். அடுத்த ஆண்டு ஏப்ரல் 18க்குள் வரிக் கணக்குத் தாக்கல் செய்ததும் மொத்த வரியும் ஒரே பில்லாக வரும். ஒவ்வொரு மாதமும் வரிக்கென்று ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போடுங்கள். ஜைரோ (வங்கிக் கணக்கில் இருந்து தானாகப் பிடிக்கும் முறை) வழியாக வட்டியில்லாத மாதத் தவணையாகவும் கட்டலாம். துணைக்கு வருமானம் இல்லையென்றால் வரிக்கழிவு உண்டா என்று பார்த்துக் கோருங்கள். ஈபியில் உள்ளவரின் சம்பளச் சீட்டில் சிண்டாவுக்கென்று ஒரு சிறு பிடித்தம் இருக்கும். அது இந்தியச் சமூகப் பிள்ளைகளின் கல்விக்கு உதவும் நிதி.

ஓய்வுக்காலச் சேமிப்பு நம் பொறுப்பு என்பதை இருவரும் சேர்ந்து நினைவில் வையுங்கள், முக்கியமாக வேலையை விட்டு வந்தவரின் பெயரில். அவருக்கு ஊரில் வருங்கால வைப்புநிதி நின்றுபோயிருக்கும். மாதாமாதம் அவர் கணக்கில் ஒரு தொகை போவது அவருக்குரிய நியாயமான பங்கு. இந்தியாவில் குடியிருப்பு நிலை மாறியதும் அங்குள்ள சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாடுவாழ் இந்தியருக்கான கணக்கு) மாற்றுவதையும் தள்ளிப்போடாதீர்கள்.

10. உடல்நலம்

அரசாங்க மானியம் வெளிநாட்டவருக்கு இல்லை. பலதுறை மருந்தகத்திலும் (அரசாங்கப் பாலிகிளினிக்) முழுக் கட்டணம்தான். சளி, காய்ச்சலுக்கு வீட்டடியில் இருக்கும் தனியார் மருந்தகம் போதும். மருத்துவமனையில் சேர்ந்தால் செலவு பெரிது, காப்பீடு இல்லாமல் ஒரு நாளும் இருக்காதீர்கள். கர்ப்பம், பிரசவம் காப்பீட்டில் அடங்குமா என்று தனியாகக் கேளுங்கள். ஆம்புலன்ஸ் 995, போலீஸ் 999. இரண்டையும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

11. கூட வந்தவரின் முதல் ஆறு மாதம்

சாமான் அடுக்கி, பள்ளி சேர்த்து, எல்லாம் ஓடத் தொடங்கியபின்தான் சிரமம் ஆரம்பிக்கும். காலை எட்டு மணிக்கு எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். பகல் நீண்டு கிடக்கும். ஊரில் அம்மாவுக்கு அழைக்கலாம் என்றால் அங்கே இரண்டரை மணி நேரம் பின்னால், இன்னும் விடியவே இல்லை. இது எல்லாருக்கும் வருவதுதான், மனம் பலவீனம் என்று நினைக்காதீர்கள். ஆனால் தானாகச் சரியாகும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

வாரத்தில் இரண்டு நாளாவது, குறித்த நேரத்தில், வீட்டைவிட்டு வெளியே போகிற மாதிரி ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சமூக மன்றங்களில் சமையல், யோகா, தையல், ஆங்கிலப் பேச்சு என்று வகுப்புகள் நடக்கின்றன. பல மன்றங்களில் இந்தியர் நற்பணிச் செயற்குழுவே பொங்கலும் தீபாவளியும் நடத்துகிறது. அங்கே போய் "நான் புதுசுக்கா, ஏதாவது உதவட்டுமா?" என்று கேட்டால் அன்றைக்கே கையில் ஒரு வேலை கொடுத்துவிடுவார்கள். கோயிலில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போங்கள், அங்கே பேச்சுத்துணைக்குக் குறைவிராது. நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் நிறைய. வெளிநாட்டவருக்கு ஆண்டுச் சந்தா உண்டு, ஆனால் அங்கேயே உட்கார்ந்து படிக்கக் காசில்லை. 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் நாளிதழாக வருகிறது. உள்ளூர்ச் செய்தியும் நிகழ்ச்சி அறிவிப்பும் அதில் கிடைக்கும். ஏப்ரல் முழுக்கத் தமிழ்மொழி விழா. பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்கு அனுமதி இலவசம்.

இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்களோடு பழகுங்கள். ஊரில் இருந்து வந்தவர்கள் தங்களுக்குள்ளேயே வட்டம் போட்டுக்கொள்வது சுலபம், அந்த வட்டத்தில் யாராவது மாதம் ஒருவர் ஊர் திரும்பிக்கொண்டே இருப்பார்கள். பல தலைமுறையாக இங்கே இருப்பவர்களுக்கு நம் வழக்கங்கள் கொஞ்சம் புதிதாகத் தெரியும், நமக்கும் அவர்கள் பேச்சு புதிது. லிஃப்டில் பார்க்கும்போது நாமே முதலில் வணக்கம் சொல்வோம். தீபாவளிக்கு முறுக்குத் தட்டோடு பக்கத்துச் சீன வீட்டுக் கதவையும் மலாய் வீட்டுக் கதவையும் தட்டுங்கள். மலாய் வீட்டுக்கு ஹலால் பொருளில் செய்ததா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை தேடுவதை விடாதீர்கள். படிப்பை இற்றைப்படுத்த டிபியில் இருந்தபடியே வகுப்புகளில் சேரலாம். வாரம் ஒருமுறை இருவரும் உட்கார்ந்து, "உன் வாரம் எப்படிப் போச்சு?" என்று, வேலைக்குப் போகிறவர் மற்றவரைக் கேட்க வேண்டும், கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

12. வேலை போய்விட்டால்

யாரும் பேச விரும்பாத விஷயம், வந்த புதிதிலேயே பேச வேண்டிய விஷயம். ஈபி ரத்தானால் அதைச் சார்ந்த எல்லா டிபியும் ரத்தாகும். வழக்கமாக அதன்பின் 30 நாள் குறுகியகால அனுமதி கிடைக்கும். அதற்குள் வேறு வேலையும் புது பாஸும் வர வேண்டும், இல்லையேல் கிளம்ப வேண்டும். வரிப் பாக்கியைத் தீர்ப்பதற்காகக் கடைசிச் சம்பளத்தை நிறுவனம் நிறுத்திவைக்கும். கையில் பணம் தேவைப்படும் நேரத்தில் அது வராது. துணைக்கு அதற்குள் சொந்தமாக ஈபி கிடைத்து, டிபிக்கான சம்பள வரம்பும் எட்டியிருந்தால் குடும்பம் அவர் பாஸில் தொடர முடியும்.

எனவே ஒரு கோப்பு தயாராக இருக்கட்டும்: மூன்று மாதச் செலவுக்கான பணம் எந்தக் கணக்கில், வீட்டு ஒப்பந்தத்தில் டிப்ளமேட்டிக் கிளாஸ் எந்தப் பக்கத்தில், பள்ளியில் கட்டணம் திரும்பப் பெற எத்தனை நாள் முன்னறிவிப்பு, காப்பீடு எப்போது முடிகிறது, சாமான் அனுப்பும் நிறுவனத்தின் எண் எது. அதன் பிரதி இருவரின் கைப்பேசியிலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஜனவரியிலும் இருவருமாக உட்கார்ந்து எண்களையும் தேதிகளையும் புதுப்பியுங்கள்.